வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை: எப்படி நடக்கிறது இது?

2024 ஏப்ரல் 19. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் அன்று ஒரே நாளில் வாக்குப்பதிவு. வெயிலுக்கு முன்னே போட்டுவிடலாம் என்று காலையிலேயே வரிசையில் நின்ற பலர், ஓட்டுப் போடாமலே வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "பட்டியல்ல உங்க பேர் இல்லீங்க." கோவையில் இந்தப் புகார் பெரிதாக எழுந்தது. வேறு ஊர்களிலும் இதே குரல் கேட்டது. "போன தேர்தல்ல இதே ஸ்கூல்லதான் போட்டேன். அட்டையும் இருக்கு. அப்புறம் எப்படி இல்லாம போகும்?"

நியாயமான கேள்வி. 2025 கடைசியில் தமிழ்நாட்டில் நடந்த வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு (எஸ்ஐஆர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்) இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. இப்போதைய 18ஆவது மக்களவை முதன்முதலில் கூடியது 2024 ஜூன் 24 அன்று. இடையில் கலைக்கப்படாவிட்டால் அதன் ஐந்தாண்டு 2029 ஜூனில் முடியும். அதற்கு முன்பு அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் வந்தாக வேண்டும். யாருக்கு ஓட்டு என்ற பேச்சு அப்போது வரட்டும். ஓட்டு இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பார்க்க வேண்டியிருக்கிறது.

## அட்டை வேறு, பட்டியல் வேறு

வாக்காளர் அடையாள அட்டை ஓட்டுரிமைச் சான்று என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

18 வயது நிறைந்த குடிமக்களுக்கு ஓட்டுரிமை தருவது அரசமைப்புச் சட்டத்தின் 326ஆவது பிரிவு. 21 ஆக இருந்த வயது 61ஆவது திருத்தத்தின் மூலம் 1989இல் 18 ஆனது. ஆனால் அந்த உரிமையை வாக்குச்சாவடியில் பயன்படுத்த இன்னொரு படி தேவை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் அந்த நேரத்தில் பெயர் இல்லாதவர் அங்கே வாக்களிக்க முடியாது.

அட்டையின் வேலை அடையாளம் காட்டுவது மட்டும். பட்டியலில் இருக்கும் இந்தப் பெயருக்கு உரியவர் நான்தான் என்று காட்ட அது உதவுகிறது. டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, கள்ள ஓட்டைத் தடுக்க 1993இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்துபோனால் கவலையில்லை. ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என ஆணையம் ஏற்கும் வேறு ஆவணங்கள் பல உண்டு. அட்டை இருந்து பெயர் இல்லை என்றால் எந்த ஆவணமும் உதவாது. வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் அடையாள ஆவணம் ஆகாது. 2019 முதல் அதற்கு அந்த மதிப்பு இல்லை.

## பட்டியல் எப்படி உருவாகிறது

மக்களவைத் தேர்தலுக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. சட்டமன்றத் தொகுதிகளின் பட்டியல்களைச் சேர்த்தால் அதுவே மக்களவைத் தொகுதியின் பட்டியல். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள். ஆக, ஆறுக்கு ஒன்று. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியின் பட்டியலும் பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடி. அதற்குள் தெரு வாரியாக, வீட்டு எண் வாரியாகப் பெயர்கள். நம் ஓட்டுக்கு முகவரி என்று ஒன்று உண்டென்றால் அது இந்த மூன்று எண்கள்தான்: தொகுதி எண், பாகம் எண், வரிசை எண்.

இதைத் தயாரிப்பவர்கள் யார்? கீழ்நிலையில் வாக்குச்சாவடி நிலை அலுவலர். பிஎல்ஓ என்றால் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் உள்ளூர் அங்கன்வாடிப் பணியாளரோ, பள்ளி ஆசிரியரோ, அரசு ஊழியரோ தன் வழக்கமான வேலையோடு இதையும் பார்க்கிறார். அவருக்கு மேலே வாக்காளர் பதிவு அலுவலர். ஒரு பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் இவருடைய கையெழுத்தில்தான். அவருக்கும் மேலே மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரும், மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரும் இருக்கிறார்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையம் வேறு அமைப்பு. அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டேன் என்பது இந்தப் பட்டியலில் இன்றும் பெயர் இருக்கிறது என்பதற்கு உறுதி ஆகாது.

பட்டியலில் சேர வயதும் குடியுரிமையும் போதாது. அந்தத் தொகுதியில் 'சாதாரணமாக வசிப்பவராக' இருக்க வேண்டும். குழப்பத்தின் வேர் பாதி இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் அங்கே சாதாரணமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதே சட்டம், தற்காலிகமாக வெளியே போனதாலேயே ஒருவர் வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது என்றும் சொல்கிறது.

சிவகங்கைப் பக்கத்தில் வீடும் நிலமும் வைத்துவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் எட்டு வருடமாக வேலை பார்க்கும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு ஊரில், பிள்ளைகள் படிப்பது திருப்பூரில், பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊரில். இவர்கள் எங்கே வசிக்கிறார்கள்? அவர்களைக் கேட்டால் "நாங்க சிவகங்கை" என்பார்கள். கதவைத் தட்டிப் பார்க்கும் அலுவலருக்கு அது பூட்டிய வீடு. பட்டியலில் நடக்கும் பெரும்பாலான விபத்துகள் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் சட்டம் இடம் தரவில்லை. ஒருவருக்கு ஒரே தொகுதி, அதிலும் ஒரே இடம். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்துச் சேர்ந்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும்.

## பெயர் எப்படிக் காணாமல் போகிறது

1. வீடு மாறியது. புது முகவரிக்குப் பெயரை மாற்றினால் பழைய இடத்தில் நீக்குவார்கள். அது சரி. மாற்றாமல் விட்டால், பழைய இடத்தில் 'குடிபெயர்ந்தவர்' என்று நீக்கப்பட்டு, புது இடத்திலும் சேராமல் இரண்டு பக்கமும் இல்லாமல் போகிறது. சென்னை, கோவை, திருப்பூர் போன்ற ஊர்களில் வாடகை வீட்டுக்காரர்களுக்கு அதிகம் நேர்வது இதுதான்.

2. தவறாக இறந்தவர் கணக்கில் போவது, அல்லது ஒரே மாதிரிப் பெயரும் தந்தை பெயரும் இருப்பதால் இரட்டைப் பதிவு என்று நினைத்து எடுத்துவிடுவது. தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்தே குடும்பப் பெயர்போல நிற்பதால், ஒரே தெருவில் இரண்டு "மு. முருகன்" இருப்பது அதிசயம் இல்லை.

3. யாரோ ஒருவர் படிவம் 7 கொடுப்பது. பெயர் நீக்கக் கோரும் விண்ணப்பம் இது. அதே தொகுதியின் வாக்காளர் இன்னொருவர் பெயருக்கு ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்து, அவர் தரப்பைக் கேட்ட பிறகுதான் பெயரை எடுக்க வேண்டும் என்பது விதி. நோட்டீஸ் பழைய முகவரிக்கே போய்ச் சேர்ந்தால் விதி இருந்தும் பயனில்லை.

4. பட்டியலையே புதிதாக எழுதுவது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

வருடாவருடம் நடப்பது சுருக்கமுறைத் திருத்தம். அதில் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். சேர்க்க வேண்டியதைச் சேர்ப்பார்கள், எடுக்க வேண்டியதை எடுப்பார்கள். நாம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலும், பொதுவாகப் பெயர் அப்படியே இருக்கும்.

எஸ்ஐஆர் இதைத் தலைகீழாக்கியது. பீகாரில் 2025 ஜூனில் தொடங்கிய இந்த முறையில், ஒவ்வொரு வாக்காளரும் கணக்கெடுப்புப் படிவத்தைக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தால்தான் வரைவுப் பட்டியலில் பெயர் வரும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் பெயர் போய்விடும். ஆவணங்களையும் பழைய பட்டியலோடு தொடர்பையும் காட்ட வேண்டிய பொறுப்பு வாக்காளர் தலையில் விழுந்தது. பீகாரின் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. விடுபட்டவர்களின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடுமாறு ஆகஸ்டு மாதத்திலும், ஆதாரையும் ஆவணமாக ஏற்குமாறு செப்டம்பரிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் சாதாரண மனிதருக்குப் பிடிமானம் கிடைத்தது.

தமிழ்நாட்டில் அதே வேலை 2025 நவம்பர் 4 அன்று தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. சுமார் 6.41 கோடியாக இருந்த எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்தது. இவர்களில் இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் உண்டு. அவற்றை எடுத்தது சரியே. ஆனால் மிகப் பெரிய பங்கு 'குடிபெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர்' என்ற தலைப்பில் இருந்தது. மேலே சொன்ன பூட்டிய வீடு விழுவது இந்தத் தலைப்பில்தான். விடுபட்ட தகுதியுள்ளவர்கள் உறுதிமொழியோடு, பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்துத் திரும்பச் சேரலாம் என்று வழியும் வைத்தார்கள். படிவம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அது வழி. இன்றுவரை தன் பெயர் இல்லை என்றே தெரியாதவருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

பட்டியலைச் சுத்தம் செய்யவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. செத்தவர் பெயரும் ஊரை விட்டுப் போனவர் பெயரும் இருக்கும்வரை கள்ள ஓட்டுக்கு இடம் இருக்கிறது. ஆனால் தவறு நேர்ந்தால் அதைச் சரிசெய்ய அலைய வேண்டியவர் யார் என்பதுதான் முக்கியம். தினக்கூலியை விட்டுவிட்டு இரண்டு முறை தாலுகா ஆபீசுக்குப் போய் வருவது எல்லோருக்கும் ஒரே விலையில் முடிகிற காரியம் இல்லை.

## வாக்குச்சாவடி மேசையில் என்ன நடக்கிறது

உள்ளே நுழைந்ததும் முதல் மேசையில் இருப்பவரிடம் அச்சிட்ட பட்டியல் ஒன்று இருக்கும். அடையாளத்தைப் பார்த்து, வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் கையிலிருக்கும் பட்டியலைப் புரட்டிச் சரிபார்ப்பார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் பெயர் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. பெண் வாக்காளர் என்றால் கூடவே ஒரு குறி. ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்ற கணக்கு பிறகு இதிலிருந்துதான் வருகிறது.

அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, 17ஏ என்ற பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி ஒரு சீட்டுத் தருவார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தினால்தான் மறைப்புக்குள் இருக்கும் இயந்திரம் ஒரு ஓட்டுக்குத் திறக்கும். நாம் அழுத்தியதும் விவிபாட் (யாருக்குப் போட்டோம் என்று காட்டும் அச்சுக் கருவி) கண்ணாடிக்குள் சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரியும், பிறகு பெட்டிக்குள் விழும். மாலையில் இயந்திரத்தில் பதிவான மொத்தத்தை 17சி படிவத்தில் எழுதி முகவர்களுக்கு நகல் கொடுப்பார்கள். எண்ணும் நாளில் அந்த எண் ஒத்துப்போக வேண்டும்.

இத்தனை அடுக்குப் பாதுகாப்பும் முதல் மேசையைத் தாண்டியவருக்குத்தான். அங்கேயே திரும்பிப் போனவரின் பெயர் 17ஏ-வில் இல்லை, 17சி-யில் இல்லை, இயந்திரத்திலும் இல்லை. அவர் வந்தார் என்பதற்கே தடயம் கிடையாது.

பெயர் இருந்தும் தகராறு வரும் சில நேரங்களில் சட்டம் வழி வைத்திருக்கிறது:

1. நம் ஓட்டை வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால், அடையாளத்தை நிரூபித்து, 'ஆய்வுக்குரிய வாக்கு' கேட்கலாம். 49பி என்று பேச்சில் அடிபடுவது இதுதான். இயந்திரத்தில் போட முடியாது. தாள் வாக்குச்சீட்டு தந்து தனி உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. நீதிமன்றத்தில் வழக்கு என்று வந்தால் பயன்படும்.

2. பட்டியலில் பெயர் இருந்து, 'வராதவர், இடம் மாறியவர், இறந்தவர்' என்ற தனிப் பட்டியலிலும் அதே பெயர் இருந்தால், கூடுதல் அடையாளச் சோதனைக்கும் உறுதிமொழிக்கும் பிறகு ஓட்டுப் போடலாம். திருப்பி அனுப்பக் கூடாது.

3. முகவர் ஒருவர் "இவர் அந்த ஆள் இல்லை" என்று ஆட்சேபித்தால், அவர் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார்.

பெயரே இல்லாதவருக்கு இந்த மூன்றும் பொருந்தாது. அன்றைக்கு அவருக்கு எந்த விதியும் இல்லை.

## இதனால் முடிவு மாறுமா?

சில நேரம் மாறலாம். 2024இல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 4,379 ஓட்டு. 2019இல் சிதம்பரத்தில் 3,219. 2024இல் மும்பை வடமேற்கில் வெறும் 48. ஒரு மக்களவைத் தொகுதிக்குத் தமிழ்நாட்டில் சராசரியாக 1,700 வாக்குச்சாவடிகளுக்கு மேல் வருகின்றன. சாவடிக்கு மூன்று பேர் தவறாக விடுபட்டாலே ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். விடுபட்டவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்குப் போட்டிருப்பார்கள் என்று இல்லை. ஆனால் இடம்பெயர்ந்த கூலித் தொழிலாளர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்கள் என்று குறிப்பிட்ட சிலர்தான் திரும்பத் திரும்ப விடுபடுகிறார்கள். அவர்கள் குரல் குறைவது எந்தக் கட்சிக்கு லாபம் என்று பார்க்காமலே அதை அநீதி என்று சொல்ல முடியும்.

இன்னொரு விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. வாக்குப்பதிவு சதவீதம் என்பது பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் போட்டார்கள் என்ற கணக்கு. ஒரு சாவடியில் 1,200 பேர், அவர்களில் 840 பேர் போட்டால் 70 சதவீதம். பட்டியலில் 200 பெயர் குறைந்து, அதே 840 பேர் போட்டால் 84 சதவீதம். ஒரு ஓட்டுகூடக் கூடவில்லை. ஆனால் மறுநாள் பேப்பரில் "வாக்குப்பதிவு அதிகரிப்பு, மக்கள் ஆர்வம்" என்று வரும். நீக்கப்பட்டவை செத்தவர்களின் பெயர்கள் என்றால் 84 என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் உள்ள எண். உயிரோடிருக்கும் 200 பேர் என்றால் அவர்கள் காணாமல் போனதே அந்தச் சதவீதத்துக்குள் மறைந்துவிடுகிறது. அதனால் இனி சதவீதத்தைப் பார்க்கும்போது, பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் போட்டார்கள் என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

## இப்போது செய்ய வேண்டியவை

1. பெயரைத் தேடிப் பார்ப்பது. ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ செயலியிலோ அட்டை எண்ணைப் போட்டால் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் வரும். அட்டை எண் என்பது மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும். இணைய வசதி இல்லாதவர்கள் 1950 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது பிஎல்ஓ-விடம் கேட்கலாம். வீட்டில் ஒருவர் பெயர் இருந்தால் எல்லோர் பெயரும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தாத்தா பாட்டி பெயரையும் தனித்தனியாகப் பாருங்கள்.

2. பெயர் இல்லை என்றால் படிவம் 6. முகவரி மாற்றம், எழுத்துப்பிழை, புது அட்டை எல்லாவற்றுக்கும் படிவம் 8. இறந்தவர் பெயரை எடுக்கப் படிவம் 7. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியும் பெயர் இருக்கிறதே என்று விட்டுவைக்காமல் இதையும் செய்துவிடலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் பெயர் சேரும், ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும்.

3. 18 வயதுக்காக ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள் உண்டு.

4. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அல்லது தவறாகப் பெயர் நீக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். முதலில் மாவட்ட ஆட்சியரிடம், அங்கேயும் சரியாகவில்லை என்றால் மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரிடம். விண்ணப்பித்ததற்கான எண்ணைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

"தேர்தல் அறிவிக்கட்டும், பார்த்துக்கலாம்" என்று இருப்பதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். அதற்குப் பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ சட்டம் அனுமதிக்காது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க நேரம் வேண்டும் என்பதால், அந்த நாளுக்குப் பத்து நாள் முன்பே புது விண்ணப்பங்களின் கெடு முடிந்துவிடும். 2024இல் தேர்தல் அறிவிப்பு வந்தது மார்ச் 16, சனிக்கிழமை. தமிழ்நாட்டில் மனு தாக்கலுக்குக் கடைசி நாள் மார்ச் 27. பத்து நாள் பின்னால் எண்ணினால் மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் தேதி தெரிந்த பிறகு பெயர் சேர்க்கக் கிடைத்தது ஒரே ஒரு நாள்.